வாசலைப் பார்த்த செருப்பு

சத்தம் முதலில் எந்த நாளில் கேட்டது என்று மிரானுக்கு இப்போது நிச்சயமில்லை. தம்பிக்குத் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் முன்பே, அவன் கைதாவதற்கும் முன்பே கேட்டிருக்குமோ என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்து போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நினைவு தனக்கு வேண்டிய பக்கமாகச் சாய்கிறது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அன்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். குளிர்காலத்துச் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிட்டிருந்தது. துறைமுகத்திலிருந்து வந்த காற்று பால்கனிக் கண்ணாடியை லேசாக அதிரவைத்தது. விரல்களுக்கிடையே அரிசி சரசரத்தது. அப்போது தலைக்கு மேலே, கல்லின் மேல் கல் படும் சத்தம். டொக். சற்று இடைவெளி. டொக். கிம்ச்சி ஊறுகாய்க்கு நிறையப் பூண்டு இடிக்க வேண்டியிருக்கிறவர்கள் உரலின் முன் உட்கார்ந்து, அவசரமில்லாமல், கை வலிக்காதபடி இடிப்பார்களே, அப்படி.

மேலே ஆறாம் மாடியில் யாரும் இல்லை. அங்கே தனியாக இருந்த பியோ என்ற விதவையை மிரானின் தம்பி கிஹோ கத்தியால் குத்திக் கொன்ற பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது.

"ராத்திரி பூண்டு இடிக்கிறா அக்கா. என்னைக் கூப்பிட்டுத்தான் இடிக்கிறா" என்று, அக்கா வீட்டிலேயே இருந்த அவன், அதற்கு முன்பெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தான். பியோ அம்மாவோ படியில் பார்த்தபோதெல்லாம், "என் வீட்டுல உரலே கிடையாதுப்பா. உனக்குத்தான் ஏதோ கேக்குது. டாக்டரைப் பாரு" என்று சொன்னாள்.

டாக்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மனநோய் என்று காப்பீட்டுப் பதிவில் ஏறினால் அது குடும்பத்தின் பெயரில் ஒட்டிக்கொள்ளும் என்று மிரான் அவனைப் பக்கத்து ஊரில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு, காப்பீட்டைச் சொல்லாமல், கையில் காசு கொடுத்துக் கூட்டிப்போனாள். மாத்திரை சாப்பிட்டவரை தூங்கினான், மீன் ஏலத்துக்கு வேலைக்குப் போனான், டிவி பார்த்துச் சிரித்தான். பிறகு மிரானின் மகள் யூராவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகும் வீட்டில் மாத்திரை உறை கண்ணில் பட்டுவிடக் கூடாது. "நல்லாத்தானே இருக்கே, இனிமே மாத்திரை எதுக்கு" என்றாள் மிரான். "ஆமாக்கா" என்றான். அக்கா சொன்னால் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

வழக்கு வந்தபோது அந்த மருத்துவமனை மூடப்பட்டிருந்தது. அவன் நோயாளி என்பதைச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது அவள் வாய் ஒன்றுதான். இன்னொன்றும் சாட்சியாக வந்தது: செருப்பு. பியோ அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்த கிஹோ, வாசலிலேயே செருப்பைக் கழற்றி, திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்ள வசதியாக, முனை கதவைப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான். இவ்வளவு நிதானமாக இருந்தவனுக்குப் புத்தி பிசகியது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார் அரசு வக்கீல். எல்லோரும் மிரானைப் பார்த்தார்கள். "அவனுக்குக் கோபம் ஜாஸ்தி. நோயெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள்.

சிகிச்சைக்கு அனுப்பவில்லை. சிறைக்கு அனுப்பினார்கள்.

அன்று அரிசியைக் களைந்து முடிப்பதற்குள் சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. கீழே காவலாளி சொக்.

"யூரா அம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் கீழ் வீட்டு ஹ்வாங் போன் பண்ணாரு. நீங்க பூண்டு இடிக்கிறீங்களாம்."

"நான் இடிக்கலையே. இடிச்ச பூண்டுதான் கடையில வாங்குறேன்."

"அதைத்தான் நானும் சொன்னேன். இந்தக் காலத்துல யாருய்யா இடிக்கிறா, என் பொண்டாட்டிக்குப் பூண்டு செடியில காய்க்குதா மரத்துல காய்க்குதான்னே தெரியாதுன்னு. சிரிக்க மாட்டேங்குறாரு மனுஷன்."

அவன் பேசிக்கொண்டிருந்தபோதும் மேலே கேட்டது. டொக். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். எதற்குப் பொத்தினோம் என்று பிறகு வெகுநேரம் யோசித்தாள்.

மேல்முறையீட்டுக்கு முன்பு கிஹோவைப் பார்க்கப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலை மழித்து, சின்னப் பையனைப்போல இருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இங்க நான் இருக்கிறது கடைசி மாடி, அக்கா. மேல வெறும் கூரைதான். அப்பவும் இடிக்கிறா." கொஞ்சம் சிரித்தான். "அவ்வளவு பூண்டு இடிக்கிறாளே, ஒரு நாளாவது இந்த ஜெயில் சாப்பாட்டுல போடக் கூடாதா."

அவளும் சிரிக்க முயன்றாள்.

"வக்கீல் சொன்னாரு, நீ வந்து மாத்திரை விஷயத்தைச் சொன்னா ஆஸ்பத்திரிக்கு மாத்திருவாங்களாம். சொல்றியா?"

"யூரா கல்யாணம் முடியட்டும்டா."

"சரிக்கா." தலையாட்டினான். பிறகு கண்ணாடிக்கு நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "உனக்குக் கேட்டதே இல்லையா? ஒரு தடவைகூட? அம்மாவுக்குக் கேட்டுச்சுல்ல" என்றான்.

அம்மாவுக்குக் கேட்டது. மலைமேல், ஜெபத்தால் குணமாக்குகிறோம் என்ற ஜெபவீட்டில், கை கட்டப்பட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே அம்மா செத்துப்போனாள். ஊருக்கு அதை மாரடைப்பு என்று சொன்னவளும் மிரான்தான்.

"எனக்கு எதுவும் கேட்டதில்ல" என்றாள். அவன் அவளை நம்பினான். அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் ஹ்வாங் நின்றிருந்தார். கப்பல் கட்டும் வேலை போனதிலிருந்து வீட்டிலேயே கிடக்கிற மனிதர், சாது. கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. மேல் வீட்டில் சத்தம் என்று சொல்ல வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை.

"யூரா அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல இடிச்சுக்கோங்க. பொழுது சாஞ்ச பிறகு மட்டும் வேணாம். எனக்குத் தூக்கமே இல்ல."

பை தலைக்கு மேலிருந்த விளக்கொளியில் மின்னியது. அதை வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கும் கேட்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் இன்றிரவு தூங்குவார். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அது இந்த லிஃப்ட் வாசலோடு நிற்காது, நீதிமன்றத்துக்குப் போகும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்.

"என் வீட்டுல உரலே கிடையாதுங்க. உங்களுக்குத்தான் ஏதோ கேக்குது. டாக்டரைப் பாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது.

"அப்படியா" என்றார் ஹ்வாங். கோபப்படவில்லை. பையை மெல்லக் கீழே இறக்கினார். "அப்படியா."

உரல் இருந்தது. அம்மாவின் கல்லுரல், பால்கனியில், பழைய போர்வைக்குள் சுற்றிவைத்தது.

மேல்முறையீட்டன்று மிரானைக் கேட்டார்கள். கிஹோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல. "என் தம்பிக்கு எந்த நோயும் கிடையாது. எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது" என்றாள். அவன் அப்போதும் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கதவைத் தள்ளிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்போது ஒரு சின்ன மெட்டு இசைக்கும். இசைத்ததா? நினைவில்லை. விளக்கைப் போடாமல் குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பூசான் நகரத்திலிருந்து யூரா போன் செய்திருந்தாள்; எடுக்கத் தெம்பில்லை. முகத்தைக் கழுவக் கைகளைக் குவித்தாள்.

பூண்டு வாசனை.

கைகளில். நகத்தடியில். சோப்பு போட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். போகவில்லை. பச்சைப் பூண்டு, இப்போதுதான் இடித்ததுபோல, கண்ணைக் கரித்தது.

மேலே சத்தம் கேட்டது. டொக். டொக்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் கேட்டது. "எனக்கும் கேக்குது" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். இருட்டில் சொன்னாள். யாரும் இல்லாதபோது சொன்னாள். "கிஹோ, எனக்கும் கேக்குதுடா."

சத்தம் நின்றது.

அப்படி ஒருநாளும் நின்றதில்லை. குழாயை மூடினாள். குளிர்ப்பெட்டியின் முனகல். காற்று. வேறொன்றும் இல்லை.

வாசலில் விளக்கு எரிந்தது.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற விளக்கு. சற்று எரிந்து, தானாக அணையும். அவள் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சமையலறையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. ஆள் இல்லை. அவள் காலணிகள். யூராவின் பழைய ரப்பர் செருப்பு.

அவற்றுக்குப் பக்கத்தில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி.

ஒட்டி வைத்திருந்தது. நேராக வைத்திருந்தது. முனை கதவைப் பார்த்து.

விளக்கு அணைந்தது.

அவளுக்குப் பின்னால், பால்கனிப் பக்கம், போர்வை ஒன்று மெதுவாகப் பிரிகிற ஓசை. பிறகு, மேலே அல்ல, கீழேயும் அல்ல, அவள் நின்ற அதே தரையில்:

டொக்.

கிஹோ சிறையில் இருக்கிறான். யாரும் பார்க்கப் போவதில்லை. அன்றிரவு மிரானின் வீட்டுக்குள் வந்த ஹ்வாங்கும் சிறையில்தான் இருக்கிறார். செருப்பை அவ்வளவு ஒழுங்காக வைத்தவர் நோயாளியாக இருக்க முடியாது என்று முடிவாயிற்று. மிரான் வீட்டில் எந்தச் சத்தமும் இருந்ததில்லை என்று சாட்சி சொன்னது யூரா. சொக் வேலையை விட்டுவிட்டான். மிரானின் சாம்பல் கடற்கரை ஓரத்து மண்டபத்தில், அம்மாவின் சாம்பலுக்கு அடுத்த மாடத்தில் இருக்கிறது. யூராவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பூசானில் வீடு பார்த்தபோது அவள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்: மேலே யாரும் குடியிருக்க முடியாத கடைசி மாடிதான் வேண்டும் என்றாள். ஏன் என்று கணவன் கேட்டதற்கு, காற்று நன்றாக வரும் என்று சொன்னாள்.