யாரோ நனைத்த சுவர்

அன்று காலை கணவனுக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் வந்தது ஒரு சுவரால்.

"பனியில நனைஞ்சிருக்கு. ஏரிக்கரையில இதெல்லாம் சகஜம்," என்றார் அவர்.

"பனி என்ன, தோள் உயரம் வரைக்கும் அளந்தா பெய்யும்?" என்று கேட்டாள் அவள்.

சுவரின் கீழ்ப்பாதி கறுத்து ஈரமாக இருந்தது. மேல்பாதி வெளுத்துக் காய்ந்து கிடந்தது. யாரோ ஒருவர் கை எட்டும் வரை தண்ணீரை வாரி அடித்திருக்கிறார், அதுவும் அதிகம் உயரமில்லாத ஒருவர் என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும்.

அவர் வேலை பார்த்த காலமெல்லாம் கப்பல் எஞ்சினோடு போயிற்று. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். ஓய்வு பெற்றதும், இனி ஆடாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏரிக்கரையில் இந்த மனையை வாங்கினார். அவளும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. வீடு முடியும்வரை பக்கத்து டவுனில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, தினமும் காலையில் பஸ் பிடித்து வேலையைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

தளம் போட்டாகிவிட்டது. இப்போது பூச்சு வேலை. புதுப் பூச்சு கைக்குழந்தை மாதிரி, வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் வெடித்துவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சொன்னாரே தவிர, அவருடைய ஆட்கள் வெயில் ஏறிய பிறகுதான் வருவார்கள். ஆனால் சில நாட்களாக, இவர்கள் வந்து இறங்கும்போதே சுவர் குளித்து முடித்திருந்தது. மேஸ்திரியைக் கேட்டால், "நம்ம ஆளுங்க அவ்வளவு நல்லவங்க இல்லீங்கம்மா," என்று சிரித்தார்.

"ஒருவேளை நீயே யாரையாவது ஏற்பாடு பண்ணிட்டு என்கிட்ட மறைக்கிறியா? சொல்லாம செய்யறது உனக்குப் பழக்கம்தானே," என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று இருவருக்குமே தெரியும். அவர் உடனே சிமெண்ட் மூட்டைகளைப் பார்க்கப் போவதுபோல நகர்ந்துவிட்டார்.

இருபத்து நாலு வருஷத்துக் கதை அது.

அவருடைய தங்கை அப்போது தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது முறை தங்கியிருந்தது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் இங்கே மாமியார் படுத்த படுக்கையானாள். மகன் நடுக்கடலில். மருமகள் ஒருத்திதான் பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்தாள். மாமியார் போய்ச் சேர்ந்தபோதும் நாத்தனாருக்குச் செய்தி போகவில்லை. குழந்தை பிறந்து, தாய்க்கு உடம்பு தேறிய பிறகுதான் தெரியப்படுத்தினாள்.

கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள் நாத்தனார். உள்ளே வரவில்லை.

"ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுக்கறீங்களே அண்ணி... எனக்கு ஒரு போன் பண்ண மட்டும் உங்களுக்கு விரல் வரலையா? நான் வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண நீங்க யாரு? ஒரு பிள்ளையைப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அம்மான்னா என்னன்னு."

பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவள் தன் கையால் தலைவாரிவிட்ட பெண் அது. அந்தப் பெண்ணே அப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதை வாசல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அதோடு பேச்சு நின்றது. கப்பலிலிருந்து வந்த கணவரும், "அவளுக்குச் சொல்லியிருக்கலாம் நீ..." என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை என்றாலும், சொல்லாமல் சொன்னது எத்தனையோ முறை. நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கு அவர் மட்டும் தனியாகப் போய் வந்தார். அந்தப் பெண் வாழ்க்கைப்பட்டது ஏரியின் அக்கரையில். இவர் ஏன் குறிப்பாக இந்த ஏரிக்கரையைத் தேடிப் பிடித்தார் என்று அவளுக்குப் புரியாமலில்லை. கேட்டால் சங்கடப்படுவார் என்று கேட்கவில்லை.

அன்று மதியம் கட்டடத்தைச் சுற்றி வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீர் வாளி கழுவப்பட்டு, மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரியின் ஆட்கள் வாளியைப் போட்டது போட்டபடி போகிறவர்கள். அவள் அந்த வாளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாளியைக் கவிழ்த்து வைக்காவிட்டால் அன்று முழுக்கத் திட்டுகிற ஒரு மனுஷியோடு அவள் வாழ்ந்திருக்கிறாள். ஆனால் மாமியார் இப்போது எழுந்து வந்தா சுவரை நனைக்கப் போகிறாள்? தன் நினைப்பை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் அவர் எழுந்திருக்கும் முன்பே, "முன்னாடி போறேன், நீங்க நிதானமா வாங்க," என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சமையலறையில் ஜன்னலுக்கு இன்னும் கம்பி வைக்கவில்லை. அதன் ஓரமாகச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். விடிந்துகொண்டிருந்தது. ஏரி பால் போல வெளுத்துக் கிடந்தது. கரையோரமாக ஒரு பெண் வந்தாள். மெதுவாக, ஒரு கையை அடிவயிற்றில் அணைத்துப் பிடித்தபடி நடந்தாள். வாளியை எடுத்தாள். பாதி வாளித் தண்ணீரைக்கூட ஒரேயடியாகத் தூக்காமல், நின்று நின்று கொண்டுவந்தாள். பிறகு ஒரு சின்னச் செம்பால் மொண்டு சுவரில் வாரி அடித்தாள். ஒரு சொட்டு வீணாகாமல், மேலிருந்து கீழே வழியும்படி.

முடி பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த வகிடு... அது எத்தனை வருஷம் அவள் எடுத்துவிட்ட வகிடு.

"உடம்புக்கு என்ன உனக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

நாத்தனாரின் கையிலிருந்து செம்பு விழுந்தது. ஓடப் பார்த்தவள் போல ஓர் அடி வைத்து, அப்படியே நின்றுவிட்டாள். முகத்தைத் திருப்பாமல், "புதுப் பூச்சு... வெயிலுக்கு வெடிச்சிடுமேன்னு..." என்றாள்.

"அதை நான் கேட்கல. வயித்தை ஏன் பிடிச்சுக்கிட்டு நடக்கறே?"

அவள் வெளியே வந்து நாத்தனாரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய்ப் படியில் உட்கார வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மகள் இப்போது உண்டாகியிருக்கிறாள். அவளுக்கும் தாயைப் போலவே, படுக்கையை விட்டு எழக்கூடாத நிலைமை. பார்த்துக்கொள்ள வந்த இடத்தில் நாத்தனாருக்கே வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. தள்ளிப்போட முடியாது, அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். ஊருக்குப் போய்வருவதாக மகளிடம் பொய் சொல்லிவிட்டு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கூட இருந்தது மகளின் மாமியார் மட்டும். நல்லவேளை, கட்டி ஆபத்தானது இல்லை. அண்ணன் இந்தக் கரையில் வீடு கட்டுவது தெரியும். வந்து முகத்தைக் காட்டத் தைரியமில்லை. மகள் கண்விழிக்கும் முன் வந்து இதையாவது செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியிருக்கிறது.

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி சம்பந்தி அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன், அண்ணி. எனக்கு ஏதாவது ஆனாலும் குழந்தை பிறக்கற வரைக்கும் அவகிட்ட சொல்லிடாதீங்கன்னேன். பின்னால கேட்டான்னா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, நீங்களே எடுத்த முடிவுன்னு சொல்லிடுங்க, அவ கோபம் உங்களோட போகட்டும், பிள்ளை மேல திரும்பிடக் கூடாதுன்னேன். சொல்லி முடிக்கல... என் குரல் எங்கம்மா குரல் மாதிரியே கேட்டுது. அந்தம்மா சரின்னு தலையை ஆட்டினாங்க. அவங்க முகத்தைப் பார்த்தேன். உங்க முகம் தெரிஞ்சுது."

அவள் ஏரியைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்களா, அண்ணி?"

"உன் பொண்ணு இப்ப எப்படி இருக்கா? வாந்தி எல்லாம் நின்னுதா?"

"பேச்சை மாத்தாதீங்க."

அவள் மாற்றத்தான் பார்த்தாள். மாமியாரின் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் அது. 'அவளுக்குக் கோவிச்சுக்க ஒரு ஆள் வேணும், நீ தாங்குவ' என்று அந்தக் கிழவி சொன்னபோது, தாங்குவோமா என்று ஒரு கணம்கூட அவள் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் காத்ததை இப்போது எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. அந்த மௌனத்தை நாத்தனார் படித்துவிட்டாள்.

"சரி, சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியில... என்னை ஒரு தடவையாவது கேட்டாங்களா?"

இதைச் சொல்லக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

"கடைசி ரெண்டு நாள் அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியல. என்னை உன் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. வந்துட்டியாடின்னாங்க. நானும், வந்துட்டேன்மான்னேன். தலையில கை வெச்சுப் பார்த்தாங்க. பின்னலை எடுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. நான் நீ இல்லைன்னு சொல்லவே இல்லை. உன்னைப் பார்த்துட்டுத்தான் போனாங்க."

நாத்தனார் அப்படியே அவள் மடியில் சாய்ந்தாள். தையல் போட்ட வயிறு வலிக்கும் என்றுகூடப் பாராமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "பெத்திருந்தா தெரியும்னு சொன்னேனே... இந்த நாக்கு அழுகிப் போயிருக்கக் கூடாதா..." என்று அழுகையின் நடுவே வந்தது. அவள் அந்த வாயைக் கையால் மூடினாள். இத்தனை வருஷம் வராத கண்ணீர் அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய அவர், படியில் இரண்டு தலைகள் ஒன்றாக இருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அருகே வந்ததும் தங்கையே எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தவர், மனைவியிடம், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். இந்த முறை அதில் குற்றச்சாட்டு இல்லை.

"உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், ஊர்ல தண்டோரா போடறதும் ஒண்ணுதான்."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே கிடந்த செம்பை எடுத்து, தங்கையின் கை எட்டாமல் காய்ந்து கிடந்த மேல்பாதிக்குத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். முடிக்கும்வரை திரும்பவே இல்லை. திரும்பியபோது, "உனக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்," என்றார் மனைவியிடம். அவள் அவர் முகத்தில் தெறித்திருந்த சாந்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

பழைய கதை தங்கள் மூவரோடு இருக்கட்டும், மகள் காதுக்குப் போக வேண்டாம் என்று நாத்தனாரே சொன்னாள். ஆனால் ஆபரேஷன் விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன் என்றாள். மகள் பயப்படுவாளே என்று அண்ணி தயங்கினாள்.

"பயப்படட்டும், அண்ணி. பக்கத்துல நீங்க இருப்பீங்க இல்ல."

மூன்று பேருமாக ஆட்டோ பிடித்து அக்கரைக்குப் போனார்கள். இத்தனை காலம் யாருக்காக வாய்மூடி இருந்தாளோ, அந்தப் பெண்ணை அவள் முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தாள். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். பாட்டியின் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது.

"நீங்கதான் அத்தையா? ஏன் இத்தனை வருஷமா வரவே இல்லை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அவங்க வராம இருந்தது என் கோபத்தால," என்றாள் தாய். "தப்பு என் மேலதான்."

பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னாள். எதிர்பார்த்தது போலவே மகள் அழுதாள். அழுகை கோபமாக மாறக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கதவோரம் நின்ற தன் மாமியாரைப் பார்த்து, "எங்கம்மா உயிர் விஷயம்... என்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? நீங்க யாரு முடிவு பண்ண?" என்றாள்.

அன்று தன் வாசலில் கேட்ட அதே வார்த்தைகள் காதில் விழ, அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களை ஒரு வார்த்தை சொல்லாத," என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை. "சொல்ல வேண்டாம்னு அவங்க காலைப் பிடிக்காத குறையா கேட்டுக்கிட்டது நான். பழியை அவங்க மேல போட்டுக்கச் சொன்னதும் நான்தான். கோபம்னா என் மேல காட்டு. அடிக்கணும்னா என்னை அடி."

மகள் அடிக்கவில்லை. அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

சம்பந்தி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு நழுவினாள். பின்னாலேயே அண்ணியும் போனாள். அந்தம்மா டீ போடப் பாத்திரத்தை எடுத்தாள்.

"மூணு வாரமா ராத்திரி தூக்கமே இல்லீங்க," என்றாள் சம்பந்தி அம்மா. "நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி. எப்படித்தான் தாங்கினேனோ... மூணு வாரம்னா சும்மாவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். என்னவோ ஏதோ என்று நாத்தனார் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. இவங்க மூணு வாரம் தூங்கலையாம்."

நாத்தனார் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு, தலையை அவள் தோளில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் புரியாத சம்பந்தி அம்மா, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.