பக்கத்து சீட்டின் குழிகள்

கார்பெட் தேய்ந்திருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தேய்ந்திருந்த இடம்தான் தப்பு.

இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் எதெது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பது மீட்டர்காரருக்கு மனப்பாடம். பிரேக் மிதியின் ரப்பரில் கோடுகள் அழிந்திருக்கும். ஸ்டியரிங்கின் தோல் கை படும் இரண்டு இடத்திலும் வழுக்கையாகியிருக்கும். ஓட்டுகிறவர் ஏறி இறங்கும் பக்கம் சீட்டின் விளிம்பு வெடித்திருக்கும். எல்லாம் கணக்காகத்தான் இருந்தன. ஆனால் பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், இரண்டு குழிகள். நூல் போய், அடியிலிருந்த பஞ்சும் போய், தகரம் தெரிந்தது. யாரோ இரண்டு குதிகால்களையும் சேர்த்து ஊன்றி ஊன்றித் தேய்த்த குழிகள். அந்தப் பக்கம் மிதிப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

“யாரோ பயந்தாங்கொள்ளி பொண்டாட்டி போல,” என்றான் புரோக்கர். “புருஷன் ஓட்ட ஓட்ட, அந்தம்மா இந்தப் பக்கம் பிரேக் போட்டிருக்கு.”

மீட்டர்காரரும் சிரித்து வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. பழைய கார் வியாபாரத்தில் அது யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடமாக அவருக்கு இரண்டே வேலை. ஓடிய தூரத்தைக் குறைப்பார். முகப்பில் எரியும் எச்சரிக்கை விளக்குகளை அணைப்பார். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் பாடு. விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்வது இவர் பாடு. நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்தது என்கிற வைத்தியம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு வண்டி வாங்கும்போது குறைக்காத மீட்டரைத் தேடியதில் வியப்பில்லை. இவ்வளவு பெரிய எண்ணை யாரும் பொய்யாக வைக்க மாட்டார்கள். அதனாலேயே அந்தக் கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரை யாரும் சீண்டவில்லை, அதனாலேயே அது அவர் கைக்கு எட்டியது. யானை படுத்தாலும் குதிரை மட்டம். முதுமையிலும் அந்த எஞ்சின் உறுமியபோது சந்தையில் நின்ற புது வண்டிகள் எல்லாம் பொம்மையாகத் தெரிந்தன.

வாங்கியது மகளுக்காக. சின்ன வயதில் இதே காரின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். ஒருநாள் இதில் கூட்டிப் போவீங்களா என்று கேட்டதற்கு, கண்டிப்பாக என்று சொன்னார். பிறகு அவள் வளர்ந்தாள். அப்பா செய்வது என்ன தொழில் என்று தெரிந்துகொண்டாள். தோழியின் வீட்டில் வாங்கிய பழைய கார் ஒரே மாதத்தில் நடுரோட்டில் நின்றபோது, அதன் மீட்டரைக் குறைத்தவர் யார் என்பதும் தெரிந்தது. “உங்க சோத்த தின்னது இன்னும் தொண்டையில கசக்குதுப்பா,” என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனவள்தான். அம்மா செத்தபோது வந்து, அன்றே திரும்பினாள். ஐந்து வருடம் கழித்து இப்போது, வேலைக்காக வெளிநாடு போகுமுன் ஒரே ஒரு நாள் வருவதாகச் சேதி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை மாலை ரயில்.

அந்த ஒரு நாளில் அவளிடம் ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை இருபது நிமிடம். அதற்குத்தான் இந்தக் கார்.

புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மணி அடித்தது. பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் அடிக்குமே, அந்த மணி. அவர் பெல்ட் போட்டிருந்தார். முகப்பில் மின்னிய சிவப்பு பெல்ட் உருவம் பக்கத்து சீட்டுக்கானது. அந்த சீட்டில் ஒன்றுமில்லை, ஒரு காகிதம்கூட. சீட்டுக்கு அடியில் எடையை அறியும் தகடு பழசாகியிருக்கும் என்று நினைத்தார். இதற்கெல்லாம் அவர் பையில் மருந்து உண்டு. பெல்ட்டின் நுனியில் இருக்கும் உலோக நாக்கு மட்டும் தனியாகக் கிடைக்கும். பூட்டில் அதைச் செருகிவிட்டால் யாரோ பெல்ட் போட்டுக்கொண்டதாக வண்டி நம்பிவிடும். செருகினார். மணி நின்றது.

நின்ற பிறகுதான் அந்த வாசனை தெரிந்தது. ஏசி காற்றில் மெல்லிய முகப்பவுடர் வாசனை, அதற்கு அடியில் ஈரத் தலைமுடியின் வாசனை, அதற்கும் அடியில் பழைய நாணயங்களைக் கையில் வைத்துத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார்.

வியாழக்கிழமை மழை. வைப்பர்கள் போய்ப் போய் வந்துகொண்டிருந்த தாளத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. பக்கத்தில், கீழே, தகரத்தின் மேல் ஏதோ அழுத்தி உரசுகிற சத்தம். சரக். சிக்னலில் நின்றார், சத்தம் இல்லை. கிளம்பினார், இல்லை. முன்னால் போன ஆட்டோ சட்டென்று ஒதுங்கியபோது மறுபடி, சரக். மூன்றாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. அவர் பிரேக் போடும்போது அந்தச் சத்தம் வரவில்லை. அவர் போடுவதற்கு ஒரு நொடி முன்னால் வந்தது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார். காதில் ஏதோ கோளாறு, வயசாகிறது என்று சொல்லிக்கொண்டார். எத்தனை வண்டிகளின் வாயைப் பொத்தியவர், தன் மனசின் வாயைப் பொத்த எவ்வளவு நேரமாகும்.

சனிக்கிழமை மதியம், ரயிலுக்கு நாலு மணி நேரம் இருக்கும்போது, ஏர்பேக் விளக்கு எரிந்தது. மகள் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படப்போவது அதுதான். உதட்டைச் சுழிப்பாள். இதுவும் உங்க சரக்குதானா என்பாள். அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்து சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டைப் பிரித்தார். உட்காரவில்லை. வெளியே மண்டி போட்டுக்கொண்டு, அந்த சீட்டைத் தொடாமல், கையை மட்டும் நீட்டிப் பிரித்தார்.

உள்ளே ஏர்பேக் இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளத்தில் பழந்துணி அடைத்திருந்தது. வயரின் முனையில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர். ஏர்பேக் இருப்பதாக வண்டியை நம்பவைத்து விளக்கை அணைக்கிற தந்திரம். அதன் ஒரு கம்பிக் கால் துருப்பிடித்து அறுந்திருந்தது, அவ்வளவுதான். மேலே நீல டேப் சுற்றியிருந்தது. மூன்று சுற்று. நுனி உள்ளே மடித்து விட்டிருந்தது, அடுத்த முறை நகம் வைத்தால் உரிக்க வசதியாக.

அப்படி மடிப்பவர் அந்த ஊரிலேயே ஒருவர்தான். அந்த மடிப்பை மகளுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், பரிசுப் பொட்டலம் கட்டும்போது.

புரோக்கருக்கு போன் போட்டார். இழுத்தான், மழுப்பினான், கடைசியில் சொன்னான். அப்போ அது சிவப்பு வண்டி அண்ணே, ஏழு வருஷம் ஆச்சு, நீங்க தொண்ணூறாயிரம் குறைச்சுக் கொடுத்தீங்க, ஞாபகம் இல்லையா. ஆக, அந்த நேர்மையான எண்ணும் அவர் பொய்யின் மேல் ஓடியதுதான். அதற்கப்புறம் யார் வாங்கினார்கள் என்று கேட்டார். ஒரு தம்பதி. எதிலோ மோதி முன்பக்கம் பலத்த அடி. புருஷனுக்கு அவன் பக்கத்து ஏர்பேக் விரிந்துவிட்டது, கீறல்கூட இல்லை.

“அந்தம்மா?”

“விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணீங்க, விளக்கத்தானே அணைச்சீங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரிடம் போய் அழுவது. அந்தப் பெண் எத்தனை முறை காலை ஊன்றியிருப்பாள், ஒரே ஒரு முறை ஊன்றியதற்கு இவ்வளவு ஆழமாகவா தேயும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அடக்கினார். மணி நாலரை. டாக்சி பிடித்துப் போயிருக்கலாம். வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாங்கவே இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். காரைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அலமாரிக் கதவில் அந்தப் படத்தின் பசைத் தழும்பு இன்னும் இருந்தது. மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். மெதுவாக ஓட்டலாம். அடுத்த வாரம் புது ஏர்பேக் வாங்கி மாட்டலாம்.

பிறகு பெட்டியிலிருந்து புது ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து வைத்து, நீல டேப்பை மூன்று சுற்று சுற்றி, நுனியை மடித்து விட்டார். விளக்கு அணைந்தது. வேறொருவராக இருந்தால் அந்த விளக்கை எரிய விட்டிருப்பார்.

மகள் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மெலிந்திருந்தாள். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு கூரையைத் தடவினாள். “அதே வண்டிப்பா,” என்றாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் குரலில் கசப்பு இல்லை. அவர் பெட்டியை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார்.

பின்னால் உட்காரச் சொன்னார்.

“பெட்டியையும் என்னையும் ஒண்ணா பின்னாடி போடப் போறீங்களா? இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன். பக்கத்துல உக்காந்து வரேன்ப்பா.”

காரணம் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டார். பூட்டிலிருந்த பொய் நாக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். க்ளிக்.

தூறல். விளக்குகள் ஏற்றும் நேரம். கார் மேம்பாலத்தில் ஏறியது. முகப்பு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. அவர் நாற்பதைத் தாண்டவில்லை. மகள் சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னப் பெண்ணாக இருந்தபோது உட்காருவாளே, அதே மாதிரி இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

மணி அடித்தது.

“பெல்ட் போட்டிருக்கேனேப்பா.”

அடித்துக்கொண்டே இருந்தது. முகப்பவுடர் வாசனை. ஈரத் தலைமுடி. பாலத்தின் உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியது.

சரக்.

அவர் கீழே பார்த்தார். மகளின் கால்கள் சீட்டின் மேல் இருந்தன. கீழே குழிகளில் கார்பெட்டின் விளிம்பு நசுங்கி உள்ளே போனது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

பிரேக்கை மிதித்தார். மிதி எளிதாக இறங்கியது. அடிவரை இறங்கியது. முகப்பில் எந்த விளக்கும் எரியவில்லை.

“அப்பா.” மகளின் குரல் சன்னமாக வந்தது. அவள் மூச்சை இழுக்கச் சிரமப்பட்டாள். “மடி கனமா இருக்குப்பா.”

மணி நின்றது.

திரும்பிப் பார்த்தார். பெல்ட் விறைப்பாக இருந்தது, இரண்டு ஆள் தடிமனுக்கு வெளியே இழுபட்டு. மகளின் மார்புக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, காற்றில், யாரையோ இறுக்கிப் பிடித்திருந்தது. அது மகளைத் தொடவே இல்லை. இறக்கத்தின் முடிவில் நின்றிருந்த லாரியின் சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டு வந்தன. கீழே குதிகால்கள் ஊன்றின. சரக், சரக். அவர் காலோடு சேர்ந்து, அவரைவிட ஒரு நொடி முன்னால்.