கத்திக்கு உதட்டுச் சாயம்

அன்று காலை எங்கள் தெருவில் எல்லோரும் எதையாவது தேடிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அடித்த காற்று அப்படி. மாடியில் காயப்போட்டிருந்த என் சட்டை, அடுத்த தெருவில் ஒருவர் மேல் போய் விழுந்து, தானே பொத்தானும் போட்டுக்கொண்டது. காற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டேன். சொன்னால் புளுகுகிறேன் என்பீர்கள்.

பட்டாணி மட்டும் எதையும் தேடவில்லை. அவன் இழந்தது அவன் கண் முன்னாலேயே கிடந்தது.

பட்டாணிக்கு ஆறு வயது. உருண்டையாக இருப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் பிறந்த அன்று அவன் அப்பா வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சைக் கன்று வைத்தார். பட்டாணிக்குப் பல் முளைத்தபோது அது பூ விட்டது. கொஞ்ச நாளாக வண்டு துளைத்து, கிளை கிளையாகக் காய்ந்துகொண்டு வந்தது. காற்று வந்து ஒரே ஒரு தள்ளு தள்ளியது. வேரோடு சாய்ந்துவிட்டது.

பட்டாணி அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"செத்துப்போச்சா அக்கா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது பக்கத்து வீட்டுக் குண்டூசியை. அவளுக்குப் பத்து வயது. ஆள் மெலிவு. வாயைத் திறந்தால் கேள்வியால் குத்துவாள். அதனால் குண்டூசி.

மற்றவர்களாக இருந்தால் "ஆமாம்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். குண்டூசி குனிந்து ஒவ்வொரு கிளையாகத் தேடினாள். முள் குத்தியது. "ஸ்ஸ்" என்றாள், தேடினாள். கடைசியில், மரத்துக்கு அடியில் நசுங்காமல் தப்பியிருந்த ஒரே ஒரு பச்சைக் குச்சியைக் கண்டுபிடித்தாள். ஒரு பென்சில் நீளம்தான் இருக்கும்.

"சித்தீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடிவிட்டது.

குண்டூசியின் சித்தி செடிப் பண்ணையில் வேலை செய்பவர். ஒரு செடியின் கிளையை இன்னொரு செடியில் ஒட்டுக்கட்டுவதுதான் அவருடைய வேலை. சித்தி வந்து, குச்சியின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே ஈரப் பச்சை.

"உயிர் இருக்குடா பட்டாணி," என்றார். "நம்ம வீட்டுத் தொட்டியில காட்டு எலுமிச்சைக் கன்னு ஒண்ணு இருக்கு. அதோட தலையை வெட்டிட்டு, நடுவுல பிளந்து, இந்தக் குச்சியை அதுல சொருகிக் கட்டிடலாம். ஒட்டிக்கிச்சுன்னா வளரும்."

"அப்ப அது என் மரமா, வேற மரமா?"

"கால் வேற. தலை உன் மரம். காய்க்கிறது உன் மரத்துக் காய்தான்."

பட்டாணி தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். "தலை இருந்தா போதும்," என்றான்.

"ஆனா மதியத்துக்குள்ள கட்டணும். குச்சி இப்பவே பாதி வாடிடுச்சு," என்று சித்தி ஈரத்துணியில் அதைச் சுற்றினார்.

அன்று விடுமுறை. பண்ணை பூட்டியிருந்தது. வேலைக் கத்திகள் எல்லாம் உள்ளே. வீட்டில் இருந்தது சித்தியின் சின்ன மடக்குக் கத்தி ஒன்றுதான். அதைப் பிரித்துப் பார்த்த சித்தியின் முகம் மாறியது.

"இதை வச்சு யாரு பெயின்ட் டப்பா திறந்தது?"

"நான் இல்லப்பா," என்றார் சித்தப்பா. அவர் காதில் நீலப் பெயின்ட் இருந்தது. கத்தியின் மூக்கிலும் இருந்தது.

இருந்தாலும் சித்தி முயன்று பார்த்தார். குச்சியின் அடிப்பக்கத்தை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவ வேண்டும். கத்தி சீவவில்லை, கடித்தது. தோல் கிழிந்தது, நார் பிய்ந்தது.

"இப்படிச் சீவினா ஒட்டாது. வெட்டின இடம் ரெண்டும் இடைவெளியே இல்லாம படியணும்," என்று சித்தி கெட்டுப்போன பகுதியை நறுக்கி எறிந்தார். இப்போது குச்சி ஒரு விரல் நீளம்தான். அதில் துளிர் கிளம்பும் மொட்டுக்கண்கள் இரண்டே இரண்டு.

"இன்னொரு தடவைதான். அதுவும் கெட்டுச்சுன்னா அவ்வளவுதான்."

இது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கத்தி தீட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர். மூவரும் வந்து இறங்கினார்கள். தச்சர் சாணைக்கல்லோடு வந்தார். உணவகத்துச் சமையல்காரர் ஒரு பீங்கான் கோப்பையோடு வந்தார். முடிதிருத்துபவர் ஒரு முழ நீளத் தோல்வாரோடு வந்தார்.

"கோப்பை எதுக்கு? டீ குடிக்கவா?" என்றார் தச்சர்.

"கோப்பையைக் கவுத்துப் பாரும். அடியில வளையம் மாதிரி சொரசொரன்னு இருக்கில்ல? அதுல நாலு இழுப்பு இழுத்தா போதும். அப்படித் தீட்டின கத்தியால ஒரு தக்காளியை நறுக்கினேன். நறுக்கினது தக்காளிக்கே மறுநாள்தான் தெரிஞ்சுது."

"இது பரவாயில்லையே," என்றார் தச்சர். "நான் இந்தக் கல்லுல தீட்டின உளியால காத்தையே வெட்டியிருக்கேன். நேத்து ரெண்டு பக்கமும் காத்து அடிச்சுதே, ஏன்னு நினைச்சீங்க?"

முடிதிருத்துபவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நான் ஒருத்தருக்கு மீசை எடுத்தேன். அவரு வீட்டுக்குப் போயி, குளிச்சு, சாப்பிட உட்கார்ந்தப்பதான் அது தட்டுல விழுந்துச்சு."

மூன்றுமே நடந்த அன்று நான் ஊரில் இல்லை. அதனால் சாட்சி சொல்ல முடியாது.

பிறகு மூவரும் வேலையில் இறங்கினார்கள். தச்சர் கல்லில் ஐம்பது இழுப்பு இழுத்தார். "தள்ளும், தள்ளும்" என்று சமையல்காரர் கோப்பையில் முப்பது இழுத்தார். "ரெண்டு பேருமா கெடுத்துட்டீங்க" என்று முடிதிருத்துபவர் தோலில் நூறு இழுத்தார். சித்தி ஒரு செய்தித்தாளை எடுத்து அறுத்துப் பார்த்தார். தாள் அறுபடவில்லை, கசங்கியது.

"கல்லு சரியில்ல."

"கையி சரியில்ல."

"கத்தியே சரியில்ல!"

வெயில் வாசற்படியில் ஏறிக்கொண்டிருந்தது.

குண்டூசி இதற்கிடையில் பட்டாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மரம் வரைந்துகொண்டிருந்தாள். தொட்டிகளில் செடியின் பெயர் எழுத சித்தி வைத்திருக்கும் சிவப்பு மார்க்கர்தான் கையில் கிடைத்தது.

"மரம் செவப்பா இருக்காதுக்கா."

"எல்லாரும் இதையே பாக்குறோம்ல, அதான் வெக்கப்படுது."

பட்டாணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். பாதிதான் சிரித்தான். பிறகு ஈரத்துணியைப் பார்த்துவிட்டு, மீதியை நிறுத்திக்கொண்டான்.

குண்டூசி மார்க்கரை மூடினாள். எழுந்து பெரியவர்களிடம் போனாள்.

"மாமா, இழுக்கும்போது கத்தியில எந்த இடம் கல்லுல படுது?"

"வாய்தான் படும். வேற என்ன?" என்றார் தச்சர். கத்தியின் வெட்டும் ஓரத்துக்கு அவர் வாய் என்றுதான் சொல்வார்.

"பட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

தச்சர் கத்தியைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். "அது... அது நூல் மாதிரி இடம் பாப்பா. கண்ணுக்குத் தெரியாது. அனுபவம்தான்."

குண்டூசி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரல் முழுக்கச் சிவப்பு மை. தண்ணீரில் போகாத மை. அதைச் சிமெண்டுப் படியில் தேய்த்தாள். தேய்த்துவிட்டுப் பார்த்தாள். விரலின் நடுவில் மை போய்விட்டது. நகத்தின் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஏனென்றால் அந்த இடம் படியைத் தொடவே இல்லை.

விரலைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

"சித்தி! கத்தியை அசையாம பிடிங்க!"

"கத்திகிட்ட வராதேன்னு எத்தனை தடவை..."

"நான் தொடமாட்டேன். பேனாதான் தொடும்."

சித்தி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, குண்டூசி நாக்கைத் துருத்திக்கொண்டு, கத்தியின் ஓரம் நெடுக இரண்டு பக்கமும் சிவப்பு மை பூசினாள்.

"ஐயோ, கத்திக்கு உதட்டுச் சாயமா!" என்று சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இப்ப நாலே இழுப்பு இழுங்க மாமா. எப்பவும் இழுக்கிற மாதிரி."

தச்சர் நான்கு இழுப்பு இழுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு தலைகள் முட்டிக்கொண்டன.

கத்தியின் ஓரத்துக்கு மேலே, ஒரு கோடு அளவுக்கு மை போயிருந்தது. ஆனால் வாயில், வெட்ட வேண்டிய அந்த இடத்தில், சிவப்பு அப்படியே பளபளவென்று இருந்தது.

சமையல்காரர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். இத்தனை நேரம் கல்லும் கோப்பையும் தோலும் கத்தியின் தாடையைத்தான் தேய்த்திருந்தன. வாயை ஒருவரும் தொடவே இல்லை.

"ரொம்பப் படுக்க வச்சுட்டேன்," என்றார் தச்சர் மெதுவாக. "படுக்க வச்சா கூர் ஏறும்னு..."

"முதுகைக் கொஞ்சம் தூக்கினா?" என்றாள் குண்டூசி. அவளே ஓடிப்போய் தீப்பெட்டியை எடுத்து வந்தாள். முதலில் கத்தி முதுகுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகி, அந்த உயரத்தில் தச்சரை இழுக்கச் சொன்னாள். ஓரத்தில் இன்னும் சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தீக்குச்சி வைத்து அளந்தாள். மை பூசினாள். இழுக்கச் சொன்னாள்.

இந்த முறை சிவப்பு நுனிவரை வழித்துக்கொண்டு போயிற்று.

"அதேதான்! கையை அசைக்காதீங்க மாமா, அதே உயரம்!"

பத்து வயதுப் பெண் சொல்ல, நாற்பது வருடம் மரம் இழைத்த கை அப்படியே நின்றது. கல் காயாமலிருக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. சமையல்காரர் தன் கோப்பையில் மொண்டு வந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கோப்பைக்கும் ஒரு வேலை கிடைத்ததில் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு பக்கம் முடிந்ததும் தச்சர், கட்டைவிரலை ஓரத்தின் குறுக்கே மெல்ல வெளிப்பக்கமாகத் தடவினார். "பிசிறு வந்துடுச்சு. முடியைவிட மெலிசா, இந்தப் பக்கம் மடிஞ்சு நிக்குது." மறுபக்கத்தையும் தேய்த்துவிட்டு, கத்தியை முடிதிருத்துபவரிடம் நீட்டினார். "இந்தப் பிசிறை எடுக்க என்னால ஆகாது. உங்க தோல்தான் வேணும்."

முடிதிருத்துபவர் தோல்வாரின் ஒரு நுனியைக் கதவுக் கொக்கியில் மாட்டினார். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, கத்தியை இழுத்தார். திருப்பினார், இழுத்தார். சரக், சரக். தெருவில் வேறு சத்தமே இல்லை.

சித்தி கத்தியை வாங்கி வெயிலில் பிடித்தார். "இங்க வா, பாரு. காலையில இந்த ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு மின்னிச்சு. மழுங்கின இடத்துலதான் வெளிச்சம் உட்காரும். இப்ப பாரு."

குண்டூசி பார்த்தாள். கத்தி தெரிந்தது. அது முடிகிற இடம் தெரியவில்லை. இரும்பு எங்கே நின்றது, காற்று எங்கே தொடங்கியது என்று கண்ணுக்கு எட்டவில்லை.

"வெளிச்சம் உட்காரக்கூட இடமில்லையா சித்தி?" என்றாள். அவள் குரல் குண்டூசியின் குரல் மாதிரியே இல்லை.

சித்தி செய்தித்தாளின் மேல் கத்தியை வைத்தார். அழுத்தவில்லை. தலைப்புச் செய்தியின் பாதி தன்பாட்டுக்குக் கீழே இறங்கியது. இதற்கு நானே சாட்சி. விழுந்த பாதியை நான்தான் எடுத்தேன். மீதி செய்தி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு சித்தி ஈரத்துணியைப் பிரித்தார். பட்டாணி குண்டூசியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

ஓர் இழுப்பு. திருப்பி இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான். சீவிய இடம் தண்ணீர் தடவியதுபோல மின்னியது. கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, ஆப்பை உள்ளே செருகினார். பச்சையும் பச்சையும் சேர்ந்தன. சேர்ந்த கோடு எங்கே என்று முடிதிருத்துபவர் தேடிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். சித்தி மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டி, ஈரம் போகாமலிருக்க மேலே ஒரு கண்ணாடிப் பையைக் கவிழ்த்தார்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் செய்வதற்கில்லை. காத்திருப்பதுதான் வேலை. பட்டாணி பள்ளிக்குப் போகும் முன் பார்த்தான். வந்ததும் பார்த்தான். ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம், குச்சி கறுக்கவில்லை என்பது மட்டுமே நல்ல செய்தி. தச்சரும் சமையல்காரரும் வேறு ஏதோ வேலையாக வந்ததுபோல வந்து, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை, பைக்குள் ஒரு மொட்டுக்கண் பிளந்திருந்தது. அரிசி முனையளவு பச்சை. அதில் மடிந்து கிடந்த ஓர் இலை.

சித்தி "ஒட்டிக்கிச்சு!" என்று கத்தினார். தெரு முழுக்க ஓடி வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், தச்சர் விசிலடித்தார், சமையல்காரர் கோப்பையில் கரண்டியால் தட்டினார்.

பட்டாணி உதட்டின் மேல் விரலை வைத்து எல்லோரையும் முறைத்தான். "கத்தாதீங்க. இப்பத்தான் முழிச்சிருக்கு."

குண்டூசி முதலில் வாயை மூடினாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் கலைந்து போனோம். அன்றைக்கு முழுக்க எங்கள் தெருவில் யாரும் சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை.