பெரியவருக்கு ஒரு வீடு

நாற்பது நாளாக ஆடாத வால் அன்று ஆடியது. மூக்கம்மாளைப் பார்த்து அல்ல.

நாலரைச் சங்கு ஊதியதும், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்தபடி அவள் தொழிலாளர் லயத்தின் கடைசியில் இருந்த தன் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தபோது, நாய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எதிரே தேயிலைச் சரிவு. அதன் மேல் மஞ்சு இறங்கி, செடிகளை வரிசை வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. நாயின் வால் மண்ணில் ஒரு தட்டுத் தட்டியது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு இன்னொரு தட்டு. நெடுநாள் முடங்கிக் கிடந்த கை தயங்கித் தயங்கி அசைவது போல இருந்தது.

“பெரியவரே” என்றாள்.

வால் நின்றது. நாய் திரும்பி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் மஞ்சின் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே ஒன்றுமில்லை.

மழை ஓய்ந்த புரட்டாசியில் அதை அவளிடம் கொண்டுவந்து விட்டவர் கம்பவுண்டர் ஆசீர்வாதம். ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் அவரும்தான். மூக்கம்மாளின் புருஷன் வீரபாண்டி நெஞ்சுச் சளியில் கிடந்த ஐந்து மாதமும் ஒரு நாள் தவறாமல் வந்து ஊசி போட்டவர். அவன் செத்த அன்று கொட்டும் மழையில் குழி வெட்ட ஆள் பிடித்தவரும் அவரே. பிள்ளையில்லாத, ஊரில் உறவு மிச்சமில்லாத மூக்கம்மாளுக்கு அவர் சொல்லே வேதவாக்கு.

“பழைய துரை பங்களா நாய், தங்கச்சி” என்றார். “அவரு சீமைக்குப் போயி ஒரு வருசமாச்சு. பாத்துக்கிட்டு இருந்த ஆளும் போயிருச்சு. கட்டிப் போட்டது போட்டபடி கெடந்துருக்கு. நீ ரெண்டு மாசம் வச்சுத் தேத்தி விட்டியன்னா நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருவோம். மலைக்குக் கீழ கஞ்சிக்கோட்டுப் பேக்டரியில சென்னியப்பன்னு ஒரு போர்மேன், வீட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

ஒரு காலத்தில் சிங்கம் போல இருந்திருக்கும். இப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம். முதுகெல்லாம் சொறி. வலது கண்ணில் பால் போலப் படலம் படர்ந்திருந்தது. பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. கையை உயர்த்தினால் தரையோடு தரையாகப் படுத்து மூத்திரம் போனது. வயதுக்கு மரியாதையாக அவள் அதைப் பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிப்பாட்டினாள். கம்பவுண்டர் கொடுத்த கந்தகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள். அந்த வருசம் ரேஷனில் அரிசி வருவதே பெரும்பாடு. வந்த அரிசியில் பாதியைக் குழையக் காய்ச்சி, கருவாட்டுத் தலையை இடித்துப் போட்டு வைத்தாள். முதல் வாரம், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் தின்றது. பன்னிரண்டாம் நாள் அவள் பக்கத்தில் இருக்கத் தின்றது. இருபதாம் நாள், உள்ளங்கையில் வைத்த கவளத்தை நாக்கு நுனியால் எடுத்தது. அன்று மூக்கம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுதோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறுதோறும் ஆசீர்வாதம் வந்து பார்ப்பார். நாயைத் தொடமாட்டார். வாசற்படியில் நின்று கேள்வி மட்டும் கேட்பார்.

“ஒன் கையில திங்குதா?”

“திங்குதுண்ணே.”

“வேற யாரு கையிலயும்?”

“பக்கத்து வீட்டு அழகுத்தாய் வச்சுப் பாத்தா. மோந்துகூடப் பாக்கல.”

காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுப்பவர் போல அவர் மூச்சு விட்டார். வாயில்லாச் சீவன் மேல் இந்த மனுசனுக்கு எவ்வளவு இரக்கம் என்று மூக்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

வால் ஆடிய மறுநாள் அவளுக்கும் அது கேட்டது.

மஞ்சு இறங்கும் நேரம். லயத்தில் விறகுப் புகையும், குழந்தைகளின் இருமலும், யாரோ தேங்காய் துருவும் சத்தமும் நிறைந்திருந்தன. அத்தனைக்கும் அடியில், சரிவின் மேலே எங்கோ, ஒரு சீட்டி. தாழ்ந்து ஒன்று, உயர்ந்து ஒன்று. அவசரம் இல்லாத, கூப்பிட்டால் வந்தே தீரும் என்று தெரிந்த ஒருவனின் சீட்டி. நாயின் தொண்டையிலிருந்து குட்டி நாயின் முனகல் கிளம்பியது. கிழட்டு உடம்பு முழுக்க நடுங்கியது. பயத்தில் இல்லை. ஆசையில்.

“காட்டுக் குருவியா இருக்கும்” என்றாள் அழகுத்தாய். அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

அடுத்த நாள் சீட்டி சரிவின் பாதியில் கேட்டது. அதற்கடுத்த நாள் வேலி ஓரத்தில். விடிந்ததும் மூக்கம்மாள் பின்வாசலைத் திறந்து பார்த்தாள். சரிவு முழுக்கத் தேயிலை இலைகள் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் பனி துடைபட்டு, இலைகள் கறுப்பாகத் தெரிந்தன. அந்தக் கறுப்பு வழி மேலே பங்களாக் குன்றிலிருந்து இறங்கி, அவள் வேலியோடு நின்றது. செடிகளைச் சுற்றி நடக்கவில்லை. செடிகளின் ஊடாகவே நேராக வந்திருந்தது. ஒரு கிளைகூட ஒடியவில்லை.

அன்று அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பவுண்டரிடம் சொன்னாள். அவர் பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். கை நின்றது.

“கதவத் தட்டுச்சா?”

“எதுண்ணே?”

“இல்ல... காத்துல கதவு ஆடுச்சான்னு கேட்டேன்.”

உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவருடைய மகள் அன்னமேரி கட்டிலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பதிமூன்று வயதுப் பெண். ஒரு காலைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எலும்பு பிசகியிருக்கும் என்று மூக்கம்மாள் நினைத்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மஞ்சு மூன்று மணிக்கே வந்துவிட்டது. கங்காணி சீக்கிரமே வேலையை நிறுத்திவிட்டான். மூக்கம்மாள் நாயை உள்ளே விட்டு இரண்டு கதவையும் தாழிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். ஈர விறகு சிணுங்கியது. தகரக் கூரையில் மஞ்சு நீராகச் சேர்ந்து சொட்டியது. அந்தச் சொட்டுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, லயத்தின் மற்ற வீடுகளின் சத்தமும் குறைந்து, கடைசியில் இந்த ஒரு வீட்டை மட்டும் யாரோ பஞ்சில் பொதிந்து வைத்தது போல ஆயிற்று. பிறகு ஒரு மணம். சுருட்டுப் புகையும், நனைந்த கம்பளியும்.

சரளைக்கல் பூட்ஸின் அடியில் மிதிபட்டது. ஒரு அடி. இன்னொரு அடி.

நின்றது.

சீட்டி இல்லை. தட்டும் இல்லை. அதைவிட மோசமாக ஒரு சத்தம். ஈரமான, மெதுவான சத்தம். மூக்கம்மாள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பின்கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நாய் எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள். நாய் வரவில்லை. மறுபடி இழுத்தாள். திரும்பி அவளைப் பார்த்த அந்த ஒற்றைக் கண்ணில் கோபம் இல்லை. அவள் யாரென்றே தெரியாத பார்வை. நாற்பத்தைந்து நாள் கஞ்சி. ஒவ்வொரு கவளமும் அவள் கையால். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். “இன்னைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கண்ணே. எனக்கு வேணாம்.” சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. நம்பி வந்த சீவனைப் பயத்தில் தள்ளிவிடுகிறோமே என்று தோன்றியது.

“நல்லதாப் போச்சு” என்றார் ஆசீர்வாதம். “போர்மேன் லாரியோட வந்துட்டாரு. லயத்துப் பாதையில லாரி ஏறாது. பங்களாகிட்ட நிக்குது. நீயே கூட்டிக்கிட்டு வா. ஒன்னோடதான் அது நடக்கும்.”

மத்தியானம் புறப்பட்டார்கள். அவள் முன்னால், கயிற்றில் நாய். பின்னால் குடையோடு கம்பவுண்டர். நாய்க்கு இன்னொரு வீடு, கஞ்சிக்கோட்டு வெயில், சொறிக்கு நல்லது, ஈரம் இல்லாத தரை. இதையே சொல்லிச் சொல்லி நடந்தாள். பாதி வழியில் மஞ்சு வந்து சேர்ந்துகொண்டது. பங்களாவின் இரும்புக் கேட் திறந்திருந்தது.

“லாரி எங்கண்ணே?”

“பின்பக்கம் நிக்கும். நீ போ.”

அவள் உள்ளே காலை வைத்து நாலு எட்டுப் போயிருப்பாள். முதுகுக்குப் பின்னால் கேட் கிறீச்சிட்டது. பூட்டு விழும் சத்தம்.

திரும்பினாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஆசீர்வாதம் நின்றார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அண்ணே.”

“துரை எங்கயும் போகல, தங்கச்சி” என்றார். தரையைப் பார்த்தே பேசினார். “ஊருக்குப் போனது அவரு பெட்டி மட்டுந்தான். அவருக்குத் தொணைக்கு ஆளு வேணும். நாய் யாரு கையில திங்குதோ அவங்களத்தான் வச்சுக்குவாரு. முன்னால வேலந்தாவளத்துக்காரி ஒருத்தி இருந்தா. சுப்பாத்தாள். அவ ஓஞ்சுபோயிட்டா. நாயும் பட்டினி. அப்பத்தான் அந்தச் சீட்டி எங்க வீட்டுப் பக்கம் வந்துச்சு. அன்னமேரி தூக்கத்துல எந்திரிச்சுப் போறா. கட்டிப் போட்டாலும் அவுத்துக்கிட்டுப் போறா.”

“நான் என்னண்ணே செஞ்சேன்?”

குடையில் நீர் சொட்டியது.

“ஒன்னத் தேட யாருமில்ல” என்றார்.

மூக்கம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். “எம்புருசனுக்கு ஊசி போட்ட கையிதான இது” என்றாள். குடை திரும்பியது. பத்தடியில் மஞ்சு அதை விழுங்கியது. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு ஓட ஆரம்பித்தது.

அவள் நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். “ஓடு, பெரியவரே. எங்கயாச்சும் சந்து இருக்கும். நீயாவது ஓடு.”

நாய் ஓடவில்லை. பங்களாப் படிகளில் ஏறியது. வால் முழு வீச்சில் ஆடியது. அவளுக்காக ஒரு நாளும் ஆடாத வீச்சு. தாழ்வாரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதன் காலடியில் நாய் படுத்தது. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் பிரம்பு நெரிந்தது. நாயின் தலை மயிர் மெல்லப் படிந்தது. நிமிர்ந்தது. மறுபடி படிந்தது.

சீட்டி கேட்டது. தாழ்ந்து ஒன்று. உயர்ந்து ஒன்று.

நாய் அசையவில்லை.

வீட்டின் பின்னாலிருந்து சங்கிலி இழுபடும் சத்தம் வந்தது. தரையில் உரசி. நின்று. உரசி. மூலை திரும்பி ஒரு பெண் வந்தாள். நரைத்த தலை, ஒட்டிய வயிறு, இடுப்பில் சேலை என்று சொல்ல முடியாத ஒன்று. சங்கிலியின் ஒரு நுனி அவளுக்குப் பின்னால் மஞ்சுக்குள் போயிற்று. இன்னொரு நுனி, அவள் கழுத்தில் இருந்த தோல் பட்டையில் முடிந்தது.

“வந்துட்டீங்களாங்க” என்றாள். ரொம்ப நாள் பேசாத குரல். மரியாதையான குரல். “நல்ல வேளைங்க.”

அவள் இரண்டு கையாலும் பட்டையின் கொக்கியைத் தேடினாள். திறந்தாள். பட்டை எளிதில் வரவில்லை. தோல் எது, சதை எது என்று தெரியாமல் ஒட்டிப் போயிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் உரித்து எடுத்தாள். பிறகு அதை விரித்து, கோயிலில் மாலை போட வருகிறவளைப் போல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மூக்கம்மாளின் உயரத்துக்குச் சரியாக உயர்த்திப் பிடித்தாள்.