தண்ணீர்த் தொட்டியருகே செத்த குருவிகள்

1984 நவம்பர். ஏற்காட்டில் பனி விலகாத காலை.

தோட்டத்துக் கதவைத் திறந்ததும் லூர்துசெல்வி டீச்சரின் காலில் ஏதோ மெத்தென்று பட்டது. செத்த கொண்டைக்குருவி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இன்னும் மூன்று. கொய்யா மரத்தடியில் ஒரு பச்சைக் குக்குறுவான் காலை இழுத்து இழுத்து அடங்கியது.

கணவர் இறந்தபின், பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவரும் சமையல்காரி சின்னத்தாயியும்தான். தோட்டத்துக்கு எந்தப் பறவை வந்தது, என்ன தின்றது என்று தினமும் எழுதிவைப்பது டீச்சரின் வழக்கம். முந்தின நாள் மாலை சேலத்திலிருந்து கொழுந்தன் சூசைமாணிக்கம் வந்திருந்தான். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். "ஊட்ட வித்துட்டு எங்ககூட வந்துருங்க அண்ணி" என்று மறுபடியும் கேட்டான். அவர் மறுபடியும் மழுப்பினார்.

"பக்கத்துக் காட்டுல சித்தன் காப்பிச் செடிக்கு மருந்தடிச்சாருங்க. தொட்டித் தண்ணில கலந்திருக்கும் டீச்சரம்மா," என்றாள் சின்னத்தாயி.

அப்போது தொட்டி விளிம்பில் ஒரு குண்டுகரிச்சான் வந்து தண்ணீர் குடித்து, வாலைத் தூக்கிக் கூவிவிட்டுப் பறந்தது. பின்னாலேயே சில்லைக் கூட்டம் இறங்கிக் குளித்தது. எதுவும் சாகவில்லை.

டீச்சரின் பார்வை கொய்யாக் கிளையில் கட்டிய தட்டுக்குப் போனது. அதில் பாதி தின்ற வாழைப்பழம். சித்தன் கொடுத்த மலைவாழைத் தார் சாப்பாட்டு அறையில் தொங்கியது. படுக்குமுன் அதில் நன்றாகப் பழுத்ததைத் தின்பது டீச்சரின் நெடுநாள் பழக்கம். நாலு நாளாக அந்தப் பழம் பறவைகளுக்குப் போகிறது. விடிந்ததும் சின்னத்தாயி உரித்து வைப்பாள்.

குப்பைக் கூடையிலிருந்து தோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஸ்டேஷனுக்குப் போ. யாராவது கேட்டா பால் வாங்கப் போறேன்னு சொல்லு," என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் போன சற்று நேரத்தில் சூசைமாணிக்கம் எழுந்து வந்தான். அவரைக் கண்டதும் வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றான்.

"எந்திரிச்சிட்டீங்களா அண்ணி?"

உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். "ரெண்டு ஸ்பூன் சக்கரை. உங்களுக்குப் புடிச்ச மாதிரி."

டீச்சர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு மரங்களையே பார்த்தார். ஒரு பறவைகூட கண்ணில் பதியவில்லை. அவன் நகராமல் எதிரில் நின்றான்.

"காப்பி ஆறுது அண்ணி."

"குடிக்கறேன் தம்பி."

"செத்ததுங்கள ஏன் அப்படியே போட்டு வச்சிருக்கீங்க?"

"எண்ணி எழுதணும்."

ஜீப் சத்தம் கேட்கும்வரை அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோகவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன் தொட்டியைச் சுற்றி வந்தார். "மருந்துத் தண்ணியாத்தான் இருக்குமுங்க டீச்சர்."

"தண்ணி குடிச்சதெல்லாம் உசுரோட பறக்குதுங்க சார். செத்ததெல்லாம் பழந்தின்னிங்க." தோலை நீட்டினார். ஊசி நுழைந்த அளவு ஓட்டை. அதைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"தார் குடுத்தது சித்தனா?"

"ஆமாங்க. ஆனா நேத்துக் காலைல இதே தார்ப் பழத்தைத் தின்ன குருவிங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறந்தான் ஊசி ஏறியிருக்கு. ஊட்டுக்குள்ள வச்சு."

மாதேஸ்வரன் சின்னத்தாயியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்தது.

"அவ இல்லீங்க. எனக்குச் சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்னப்ப பக்கத்துல நின்னவ. நான் பழத்தை நிறுத்தினது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைக் கொல்லணும்னா அவ பழத்துலயா வைப்பா? நான் இன்னும் தின்னுக்கிட்டிருக்கேன்னு நெனச்சவங்க வச்சது இது." வாய் வைக்காத காப்பி டம்ளரைத் திண்டின் மேல் வைத்தார். "இதுல ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டவரு."

மாதேஸ்வரன் சூசைமாணிக்கத்தின் பையைத் திறக்கச் சொன்னார். அவன் பையில், மடித்த சட்டைக்குள், மாட்டு ஊசியும் லேபிள் கிழித்த மருந்துப் புட்டியும் இருந்தன.

ஜீப்பில் ஏறுமுன் திரும்பிப் பார்த்தான். "சக்கரைன்னு ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"நீ கவலைப்படுவேன்னு தான் சொல்லல," என்றார் டீச்சர்.

ஜீப் வளைவில் மறைந்தது. வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் சின்னத்தாயி வாசற்கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை.