தொண்ணூற்றாறு

தொண்ணூற்றாறு என்று வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது ரெக்கார்டரின் சின்னத் திரையில் எழுபத்திரண்டு என்று நின்றது.

சின்னவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுபத்திரண்டேதான். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று காட்டும் எண் அது. யாராவது குமிழைத் திருகினால்தான் மாறும். பட்டப்பகல் மூன்று மணி. வீட்டில் அவளையும் அத்தானையும் தவிர யாருமில்லை.

"அத்தான், பாட்டு ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"நான் எதுக்கு வரப்போறேன்?" என்றார் அவர் கூடத்திலிருந்து. "உங்கக்கா போனதுலேருந்து அந்தக் கதவையே நான் தொட்டதில்ல."

அக்கா இருந்தபோது மட்டும் தொட விட்டாளாக்கும் என்று முணுமுணுத்தபடி குமிழைத் திருகித் தொண்ணூற்றாறில் நிறுத்தினாள்.

அது அக்காவின் அறை. அக்காவின் எட்டு ட்ராக் ரெக்கார்டர். இருபத்திரண்டு வருடமாக அக்காவின் வேகம். கேட்பவர்களுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள். பெரியவள் பாடுவாள், சின்னவள் கீழ்க்குரலில் பின்னாலேயே போவாள். எந்தப் பாட்டானாலும் பெரியவளுக்கு எழுபத்திரண்டுதான், ஒரு புள்ளி ஏறக்கூடாது. இடப்பக்கம் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, தங்கையின் தொடையில் நான்கு விரலால் தட்டித் தட்டி அவளை இழுத்துப் பிடிப்பாள். குளிக்கும்போது பார்த்தால் அந்த இடம் கன்றியிருக்கும். எட்டு மாதம் முன்பு பெரியவள் போய்ச் சேர்ந்தபோது சின்னவள் அழுதாள், மனசாரவே அழுதாள். அழுது முடித்ததும் முதலில் தோன்றியது, இனித் தொடை வலிக்காது என்பதுதான்.

பாட்டு வெளியிடும் கம்பெனிக்காரர் போனில் பட்டென்று சொல்லிவிட்டார். "உங்க அக்கா மாதிரி இன்னொண்ணு வேண்டாம்மா, அதான் நூறு இருக்கே. உங்க பாட்டு ஒண்ணு குடுங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள வரலைன்னா விட்டுடலாம்." நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளுடைய பாட்டைக் கேட்டிருக்கிறார்.

காலையில் கிட்டார்காரர் வந்து தொண்ணூற்றாறில் வாசித்துவிட்டுப் போயிருந்தார். அது முதல் ட்ராக்கில் பத்திரமாக இருந்தது. இரண்டாவதில், அந்த எண்ணைப் பார்த்து மெஷினே போடும் தாளம். மூன்றாவதில் அவள் குரல் விழ வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஹெட்போனை மாட்டினாள். சுவர் முழுக்கக் கம்பளி அடித்து, ஜன்னலையும் பலகை வைத்து மூடியிருந்த அந்த அறையில் தெருவின் ஒரு ஹாரன்கூட நுழையாது. எச்சில் விழுங்குவதுகூடக் காதுக்குள் பெரிதாகக் கேட்கும், பழைய கம்பளியின் மக்கல் வாசனையும் சூடேறிய மெஷினின் வாசனையும் கலந்து மூக்கின் நுனியிலேயே நிற்கும். பாட்டு ஓடியது. முதல் சரணம் ஜோராகப் போனது. இரண்டாவதில் தாளம் இறங்கியது. கிட்டார் தன்பாட்டுக்கு முன்னே ஓட, தாளம் கால் தளர்ந்து பின்தங்கியது. நிறுத்தினாள்.

காரணம் பிடிபட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வைக்கச் சோம்பல்பட்டு, அக்காவின் கடைசிப் பாட்டை நகலெடுத்து, ட்ராக்குகளை மட்டும் காலி செய்திருந்தாள். எந்த இடத்தில் என்ன வேகம் என்ற பழைய பட்டியல் அழியாமல் உள்ளேயே கிடந்தது. "மெஷினுக்கு என்னடி தெரியும், புத்தி உனக்குல்ல வேணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டு பட்டியலை மொத்தமாக அழித்தாள்.

மறுபடி ஓடவிட்டாள். இரண்டாவது சரணம். தாளம் இறங்கியது.

அந்த மெஷினில் ஒரு பொத்தான் உண்டு. வேண்டிய வேகத்தில் நான்கு தடவை தட்டினால் அதையே எடுத்துக்கொள்ளும். தட்டினாள். எழுபத்திரண்டு. படபடவென்று, விரல் நோகத் தட்டினாள். எழுபத்திரண்டு.

விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பயம்தான், வேறென்ன. ஆனால் பயத்துக்கு அடியில் இருபத்திரண்டு வருடத்துக் கோபம் கிடந்தது, அது இன்னும் ஆறவில்லை.

"சரி, நீ வேண்டாம் போ" என்று தாள ட்ராக்கை அணைத்தாள். கிட்டார் மட்டும் போதும். ரெக்கார்ட் பொத்தானை அழுத்திப் பாடத் தொடங்கினாள்.

முதல் சரணத்திலேயே கிராம்பு மணத்தது. தொண்டைக்காக அக்கா எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் கிராம்பு. இடப்பக்கத்து நாற்காலி முனகியது.

பிறகு தொடையில் தட்டு.

நான்கு விரல். மெதுவாக. எழுபத்திரண்டில்.

குரல் நடுங்கியது. கால் இழுத்தது. மூச்சுகூட மெதுவாகிவிடப் பார்த்தது. தட்டு அழுந்தியது. எலும்பு வரை அழுந்தியது.

"மாட்டேன்." இரண்டு வரிக்கு நடுவில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாடினாள். காதில் ஓடும் கிட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தொண்ணூற்றாறில் பாடினாள். இரண்டாவது சரணம் தாண்டியது. மூன்றாவதும். கடைசி வரியில் தட்டு தடுமாறியது. நின்றது.

ஜெயித்துவிட்டாள்.

மணி ஐந்து. போட்டுக் கேட்டாள். அவள் குரல்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று. திரையில் எட்டாவது ட்ராக்கின் ஒலிக்கோடுகள் துடித்தன. அதற்கு மைக்கே கிடையாது. யாருக்கும் கீழ்க்குரல் பாடாத பெரியவள் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தாள். அரைத் தட்டு பின்னால். மூச்சிரைக்க. ஓடி வந்து. வரிக்கு வரி நெருங்கி.

எட்டாவது ட்ராக்கை அழித்தாள். அழிந்தது. மறுபடி கோடுகள் எழும்பின.

கதவுக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். ஓடியிருக்கலாம். ஆனால் நடுங்கிய முதல் சரணத்தை அப்படியே அனுப்ப முடியாது, ஆறு மணிக்குள் திரும்பப் பாடியாக வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

"நல்லாதான் பாடுற" என்றாள் சின்னவள், உதடு காய்ந்து. "ஆனா பின்னாடிதான் வரணும். எண்ணுறது நானு."

ரெக்கார்ட். மைக்கிடம் குனிந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மைக்குக்கும் அவளுக்கும் நடுவே மூச்சுக்காற்றைத் தடுக்கக் கட்டிய மெல்லிய கறுப்புத் துணி, மைக்கின் பக்கமிருந்து அவளை நோக்கிப் புடைத்தது. ஈரம் கோத்து உதடுகளாயிற்று. உதடுகள் பிரிந்தன. அவள் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் அது அகலத் திறந்து, அவள் 'நாலு' என்று சொல்வதற்காகக் காத்து நின்றது.