நடந்து வந்த குரல்

வால்பாறைக்கு மேலே அந்தப் பாறை முனையில் எல்லோருடைய சத்தமும் திரும்பி வந்தது. தயாளன் மாஸ்டருடையது மட்டும் வரவில்லை.

அது என்ன சாதாரணச் சத்தமா? காலமெல்லாம் பி.டி. மாஸ்டராக இருந்து கட்டி வளர்த்த குரல். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நின்று ஒரு அதட்டல் போட்டால் சில மைல் தள்ளி, அவர் ஊரான செம்பாக்கத்தில் பிள்ளைகள் தானாக வரிசையில் நிற்கும். இறங்க வந்த ஏரோப்ளேன் இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும். அப்பேர்ப்பட்டவர், சர்ச் சபையின் மூத்தோர் குழுவோடு வேனில் வளைவு வளைவாக ஏறி, வரையாடு பார்த்து, சிங்கவால் குரங்கைப் பார்த்து, அந்த முனைக்கு வந்து சேர்ந்திருந்தார். ஜோசலின் டீச்சர் கையைக் குவித்துப் பேரனைக் கூப்பிட்டார். மலை அதை மும்முறை திருப்பிச் சொன்னது. மாஸ்டருக்குக் கை பரபரத்தது. முழங்கால் வலி என்று வேனிலேயே உட்கார்ந்துவிட்ட மனைவி ஞானசௌந்தரியை நினைத்துக்கொண்டு, மார்பை விரித்து, பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஞானா, இங்க வந்து பாரேன்!"

கீழே மூட்டம் மெல்ல நகர்ந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை.

"உங்க சத்தம் பஸ்ஸைக் கோட்டை விட்டுடுச்சு மாஸ்டர்," என்றார் ஜோசலின். "இனிமே நடந்துதான் வரணும். செம்பாக்கம் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்."

திரும்பி ஏறிய பிறகும் வேன் குலுங்கச் சிரித்தார்கள். மாஸ்டரும்தான் சிரித்தார். மலை இறங்கும்போது தொண்டை கரகரத்தது. செங்கல்பட்டு டோல்கேட் தாண்டும்போது பேச்சு கிசுகிசுப்பானது. வீட்டுக் கேட்டைத் திறந்தபோது வாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது.

ஈ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். ஞானா மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் ஃபேன் ஓடுகிற சத்தமே காதில் விழுகிறது என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் படுக்கப்போகும் முன் ஜெபத்தில், அந்தக் கழுதைக் குரலை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடும் ஆண்டவரே என்று அவள் அழுததும் மாஸ்டருக்குக் கேட்டது.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்க மாஸ்டர் மொட்டை மாடிக்குப் போனார். எதிரே செம்பாக்கம் ஏரி இருட்டிக் கிடந்தது. ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கலந்து அழுகுகிற அந்தப் பழகின நாற்றத்துக்கு நடுவே, வேறொரு வாசனை மெதுவாக ஊர்ந்து வந்தது: நனைந்த பாசி, பச்சைத் தேயிலை, பாறை இடுக்கின் ஜில்லிப்பு. தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன.

சட்டென்று நிறுத்திக்கொண்டன.

"ஞானா..."

அக்கரையிலிருந்து வந்தது. மெல்லிசாக, களைத்து, வெகுதூரம் நடந்த குரல். பேரின் கடைசியை இழுத்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடையது.

"ஞானா, இங்க வந்து பாரேன்."

இப்போது ஏரிக்கரையில். களைப்பு இல்லை.

கீழே கிரில் கேட் கிரீச்சிட்டது. டார்ச் வெளிச்சம் தெருவில் விழுந்தது.

"என்னங்க? தொண்டை சரியாயிடுச்சா?" ஞானாவின் குரலில் அத்தனை சந்தோஷம்.

கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து மாஸ்டர் கத்தினார். காற்று. மறுபடி கத்தினார். காற்று. இரும்பு வாளியைத் தூக்கிச் சுவரில் மோதினார், மோதினார். டார்ச் ஒரு முறை மாடிப் பக்கம் திரும்பியது. மழைக்கம்பிகளுக்கு இந்தப் பக்கம் அது எட்டவில்லை.

"மாடியில குரங்கு, ஞானா," என்றது கரையிலிருந்த குரல். "அதை விடு. நீ வா. இங்க யானை சைஸ்ல ஒரு மீன் நிக்குது."

"உங்க யானையும் நீங்களும்," என்று சிரித்துக்கொண்டே ஞானா நடந்தாள்.

மலையில் அவர் யானை என்று சொல்லவில்லை. மீன் என்றும் சொல்லவில்லை. அது வருகிற வழியில் பேசக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

படிக்கட்டு. ஈரம். வழுக்கல். முட்டி கிழிந்தது. கேட் திறந்தே கிடந்தது. தெரு முழுக்க இருட்டு. கரைமேட்டில் சேறு.

"இன்னும் கொஞ்சம், ஞானா."

"வரேன், வரேன்."

இன்னும் கொஞ்சம். வரேன். இன்னும் கொஞ்சம்.

அப்புறம் மழை மட்டும்.

தண்ணீர் விளிம்பில் அவள் செருப்பு. சபை வாசலில் கழற்றி விடுகிற மாதிரி, ஜோடியாக.

நடு ஏரியில் டார்ச். மிதக்கவில்லை. தண்ணீருக்கு மேலே, ஆள் கை உயரத்தில், ஆடாமல்.

"என்னங்க." ஞானாவின் குரல்தான். முழங்கால் வலி இல்லாத குரல். "இங்க வந்து பாருங்களேன்."

மாஸ்டர் தொண்டையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பல்லாவரம் வரைக்கும் கேட்கிற குரல், முழுசாக, வாய் நிறைய வந்தது.

"வரேன்."

அவர் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தார். கரையில், அவள் செருப்புக்குப் பக்கத்தில், அவருடைய செருப்பும் ஜோடியாக இருந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டது.